சட்டையோட இருக்கு

“மறுபடியும் படி,” என்றார் டீச்சர்.

படித்தேன். “தொட்டித் தண்ணி. சட்டையோட இருக்கு! எப்படி? கழட்டியிருக்கணுமே!”

“இன்னொரு தடவை.”

“இதுக்கு மேல படிச்சா அந்தச் சட்டை எனக்கே அளவாயிடும் டீச்சர்.”

டீச்சர் சிரிக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணும் சிரிக்கவில்லை. நானும் சும்மா வாய்ப்பழக்கத்தில் சொன்னதுதான். சிரிக்கிற நிலைமையிலா இருந்தோம்?

டீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்ததில்லை. துப்பறிவதுதான் தொழில். கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை கண்ணாடிக்கு மேலாக முறைத்துக்கொண்டிருப்பார். அதனால் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. நான் அவருடைய உதவியாள். எனக்கு ரேடியோ என்று பேர். ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எதிரே இருந்தவள், தண்ணீர்த் தொட்டியைத் திறந்து மூடுகிற வால்வுக்காரரின் மகள். எட்டு மாத வயிறு. புருஷன் கப்பல் வேலையில் எங்கேயோ நடுக்கடலில் இருந்தான். அப்பா விசாரணைக் கைதியாக ஜெயிலில் இருந்தார். இருபத்திரண்டு நாளாகத் தினமும் காலையில் எங்கள் மாடி ஏறி வந்து, “ஏதாவது தெரிஞ்சுதாண்ணா?” என்று கேட்பாள். நான் தினமும் ஒரு பொய் சொல்வேன்.

எங்கள் ஆபீஸுக்கு எதிரே ஆலைக் குடியிருப்பு. அறுநூறு வீடு. இரண்டு மாதமாக அங்கே காமாலை. நூற்றுப்பத்துப் பேர் படுத்துவிட்டார்கள். மூன்று பேர் செத்துப்போனார்கள். மூன்று பேருமே பிள்ளைத்தாச்சிகள். நாலாவது யார் என்று யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. ஆனால் இவள் தெருவில் நடந்தால் எல்லார் கண்ணும் இவள் வயிற்றுக்குப் போய், அப்புறம் தரைக்குப் போகும்.

குடியிருப்பில் இரண்டு தண்ணீர். வீட்டுக் குழாயில் வருவது பழைய மேல்நிலைத் தொட்டித் தண்ணீர். தெருமுனைக் குழாயில் வருவது புதுசாகத் திறந்த சுத்திகரிப்பு நிலையத் தண்ணீர். சனங்கள் இரண்டையும் குடித்தார்கள். தொட்டித் தண்ணீரை எடுத்துப் பரிசோதித்ததில் காமாலைக் கிருமி இருந்தது. தொட்டியை மூடப்போகிறார்கள், வேலை போகப்போகிறது என்ற ஆத்திரத்தில் வால்வுக்காரர் சாக்கடையைக் கலந்துவிட்டார் என்று இன்ஸ்பெக்டர் முடிவு கட்டினார். இருபத்தாறு வருஷம் அந்தத் தொட்டியைக் கட்டிக் காத்த மனுஷன்!

அதற்கு இன்ஸ்பெக்டர் காட்டிய ஆதாரம்தான் நான் படித்த அந்தக் காகிதம். தண்ணீரைப் பரிசோதித்த லேப் அக்காவின் நோட்டிலிருந்து கிழித்த ஒரு பக்கம். ‘சட்டையோட இருக்கு’ என்றால் தொட்டித் தண்ணீரில் சட்டை இருந்தது, வால்வுக்காரர் தன் சட்டையில் அசிங்கத்தைக் கட்டி முக்கியிருக்கிறார் என்பது இன்ஸ்பெக்டரின் கணக்கு. தொட்டி வால்வை அன்றே மூடிவிட்டு, ஏணியில் மாட்டியிருந்த சட்டையையும் எடுத்து சீல் வைத்துவிட்டார்.

லேப் அக்காவிடமே கேட்கலாமே என்றால், அவளும் இதே குடியிருப்புதான். எழுதின நாலாம் நாள் காமாலையில் விழுந்து, இப்போது நினைவில்லாமல் கிடந்தாள்.

“அப்பா எப்பவும் சட்டையைக் கழட்டி ஏணியில மாட்டிட்டுத்தான் மேல ஏறுவாரு,” என்றாள் மகள். “வேர்வை, நூலு எதுவும் தண்ணியில விழுந்துடக் கூடாதுன்னு. அதையே அவர் தலையில கட்டிட்டாங்க.”

“பார்த்துக்கலாம்மா. இன்னிக்கு முடிஞ்சிடும்,” என்றேன்.

“நேத்தும் அதான்ணா சொன்னீங்க.”

தினமும் போலத் தெருமுனைக் குழாயில் நானே பிடித்து வந்த பாட்டிலை அவள் கையில் கொடுத்தேன். “ஜெயில்ல அப்பாவைப் பார்க்க மனு போட்டுட்டு வெயில்ல காத்திருப்பே. நிறையக் குடி. வேற எந்தத் தண்ணியும் வாயில வைக்காதே.”

“சரிண்ணா,” என்று வாங்கிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி மெதுவாக இறங்கினாள். மாடிப்படித் திருப்பத்தில் ஒரு பூந்தொட்டி உண்டு. யாரும் தண்ணீர் விடாமல் குச்சியாக நின்ற செடி. இப்போது என்னவோ அதற்கு வந்த வாழ்வு, தளதளவென்று இருந்தது. அவள் அதைத் தொட்டுவிட்டுப் போனாள்.

“ரேடியோ, நீ காலையில என்ன சாப்பிட்டே?”

“பசிக்கலை டீச்சர். நாலு நாளா வயிறு லீவு போட்டிருக்கு.” நான் குழாய்த் தண்ணீரை ஒரு டம்ளர் மடமடவென்று குடித்தேன். டீச்சர் பழக்கப்படி கொதிக்கிற டீயை ஊதினார். அவர் டீயைத் தவிர எதையும் குடித்து நான் பார்த்ததில்லை.

“வா. அந்த நோட்டோட மத்தப் பக்கத்தைப் பார்க்கணும்.”

*

ஆய்வுக்கூட அதிகாரி நல்ல மனுஷன் மாதிரித்தான் இருந்தார். உட்காரச் சொன்னார், மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பினார், எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினார்.

“நிலையத் தண்ணிதான். தைரியமாக் குடிங்க. நானே கையெழுத்துப் போட்டு சர்டிபிகேட் குடுத்தது.”

அவர் தலைக்கு மேலே சுவரில் அந்தச் சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. குடியிருப்பில் ஒவ்வொரு கதவிலும் ஒட்டியிருக்கும் அதே காகிதம்: ‘நிலையத் தண்ணீரைக் காய்ச்ச வேண்டாம். அப்படியே பருகலாம்.’ கீழே அவர் கையெழுத்து, வால் நீண்டு.

“உங்க டெக்னீஷியனோட நோட்டு வேணும்,” என்றார் டீச்சர்.

“போலீஸ் எடுத்துட்டுப் போயிட்டாங்களே.”

“அவங்க ஒரு பக்கம்தான் கிழிச்சிருக்காங்க.”

“அப்போ எங்கயோ போயிருக்கும். பாவம், அந்தம்மா உடம்பு சரியில்லாத நேரத்துல என்னென்னமோ எழுதியிருக்கு. சட்டையாம், கழட்டணுமாம்!” அவர் சிரித்தபடி மேஜைக்கடியிலிருந்து பிளாஸ்கை எடுத்து மூடியில் ஊற்றினார். ஆவி பறந்தது. ஊதி ஊதிக் குடித்தார்.

“டீயா சார்?” என்றேன். நாக்கு கசந்து கிடந்தது, எனக்கும் கொஞ்சம் கிடைக்குமா என்று.

“வெந்நீர்ப்பா. தொண்டை கரகரப்பு.”

டீச்சர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு ‘எழுந்து எங்காவது போ’ என்று அர்த்தம். பாத்ரூம் எங்கே என்று கேட்டுக்கொண்டு நழுவினேன்.

நான் சட்டை தேடுகிற ஆள். உள்ளறையில் அலமாரிகளுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு வெள்ளைக் கோட்டு தொங்கியதும் அப்படியே பாய்ந்தேன். சட்டைதானே இதுவும்? லேப் அக்கா மாட்டிவிட்டுப் போனது. ரத்தக் கறை, சாக்கடைச் சேறு ஏதாவது இருக்கிறதா என்று கையை, காலரைப் புரட்டினேன். ஒன்றும் இல்லை. பையில் கையை விட்டால் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது.

நோட்டு!

முட்டாள்தனத்துக்கும் சில நாள் அதிர்ஷ்டம் அடிக்கும். சட்டைக்குள் செருகிக்கொண்டு, உண்மையாகவே பாத்ரூமுக்குப் போய்விட்டு வந்தேன். மூத்திரம் டிகாக்‌ஷன் நிறத்தில் போனது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

*

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினோம். லேப் அக்காவின் கையெழுத்து குட்டிக் குட்டியாக, கோடு தாண்டாமல் இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மாதிரிகளின் வரிசை.

‘நோயாளி ஏழு. ரத்தம். சட்டை உண்டு.’

‘நோயாளி ஏழு. மலம். சட்டை இல்லை.’

‘நோயாளி எட்டு. ரத்தம். சட்டை உண்டு. மலம். சட்டை இல்லை.’

“ரத்தத்துக்கு யாரு டீச்சர் சட்டை தைச்சுப் போட்டது?”

டீச்சர் விரலை ஒவ்வொரு வரியாக ஓட்டினார். ஒன்பது, பத்து, பதினைந்து, முப்பது. ஒரு இடத்தில்கூட மாறவில்லை. ரத்தம் என்றால் சட்டை உண்டு. மலம் என்றால் சட்டை இல்லை.

“ரேடியோ,” என்றார். குரல் மாறியிருந்தது. “இருபத்திரண்டு நாளா நாம துணிச் சட்டையைத் தேடிக்கிட்டிருக்கோம்.”

“பின்ன என்ன சட்டை?”

“வா, ஆஸ்பத்திரிக்கு. ஓடு!”

வண்டி நின்ற இடத்துக்கு ஓடினேன். நாற்பது அடியில் மூச்சு வாங்கியது. என்னடா இது, கிழவன் மாதிரி என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

காமாலை வார்டில் கட்டில் போதாமல் இரண்டு கட்டிலுக்கு நடுவிலும் பாய் போட்டிருந்தார்கள். வார்டு டாக்டரம்மா மூன்று நாளாகத் தூங்காத முகத்தோடு நோட்டைப் பார்த்தார். பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

“இது அவ பாஷை. நாங்க ரெண்டு பேரும் இப்படித்தான் பேசிக்குவோம்.”

“சட்டைன்னா?”

“இந்தக் கிருமிக்கு மொத்தமே ரெண்டு மூணு புரதம்தான். அதுல மூணாம் நம்பர் ரொம்பப் பொடிசு. ஆனா வேலைக்காரன். கிருமி ஈரல் செல்லுக்குள்ள பூந்து ஆயிரமாப் பெருகிடும். வெளிய வரத்தான் தெரியாது. மூணாம் நம்பர்தான் அதை வாசலுக்குக் கூட்டிட்டு வரும். வரும்போது நம்ம செல்லோட சவ்வையே கொஞ்சம் கிழிச்சுப் போர்த்திவிட்டுடும்.”

“அதுதான் சட்டை,” என்றார் டீச்சர்.

“அதேதான். ரத்தத்துல அந்தச் சட்டையோட திரியும். மேல நம்ம தோலு இருக்கிறதால உடம்புல இருக்கிற காவலுக்கு ஆளைத் தெரியாது.”

“போலீஸ் யூனிபார்ம் போட்ட திருடன்!” என்றேன்.

“ஆமாய்யா. அப்புறம் பித்தத்தோட குடலுக்கு இறங்கும். பித்தம் சோப்பு மாதிரி. சட்டை கரைஞ்சு கழண்டுடும், அதோட மூணாம் நம்பரும் போயிடும். மலத்துல வர்றது வெறும் உடம்பு. சாக்கடைக்குப் போறதும், தண்ணியில கலக்கிறதும் அதுதான். ரெண்டு விதமான சோதனைப் பட்டை வச்சு அவ பார்ப்பா. ஒண்ணு கிருமியைப் பிடிக்கும். இன்னொண்ணு மூணாம் நம்பரைப் பிடிக்கும்.”

“அப்போ சாக்கடை கலந்த தண்ணியில சட்டை...”

“இருக்கவே இருக்காது. இருக்க முடியாது.”

டீச்சர் அந்தக் கிழிந்த பக்கத்தை டாக்டரம்மா முன்னால் வைத்தார். தொட்டித் தண்ணி. சட்டையோட இருக்கு! எப்படி? கழட்டியிருக்கணுமே!

டாக்டரம்மா இரண்டு தடவை படித்தார். “அடப்பாவி,” என்றார். “இது மலத்துல இருந்து வந்ததே இல்லை. யாரோ நோயாளியோட ரத்தத்தை ஒரு சொட்டு அந்தப் பாட்டில்ல விட்டிருக்காங்க.”

வார்டில் யாரோ வாந்தி எடுக்கிற சத்தம். டாக்டரம்மா எழுந்தார், திரும்பி என்னைப் பார்த்தார். “அந்த வால்வுக்காரர் பொண்ணு எத்தனை மாசம்?”

“எட்டு.”

“ஜாக்கிரதை. உன்னை மாதிரி ஆளுங்க பெரும்பாலும் பொழைச்சு எழுந்துடுவாங்க. அந்த மாசத்துல இருக்கிற பொண்ணுங்களுக்கு வந்தா, நாலஞ்சு பேருக்கு ஒருத்தர் என் கையை விட்டுப் போயிடறாங்கய்யா. நானும் என்னென்னமோ பண்ணிப் பார்க்கிறேன்.” சொல்லிவிட்டு வாந்திச் சத்தத்தை நோக்கி ஓடினார்.

வராந்தாவில் டீச்சர் நின்றார். “பாட்டில் ரெண்டு பேர் கையிலதான் இருந்திருக்கு. ஒண்ணு எழுதினவ. தானே கலந்துட்டு ‘எப்படி’ன்னு ஆச்சரியக்குறி போட மாட்டா. இன்னொண்ணு, நோயாளி ரத்தக் குப்பிங்களைப் பூட்டி வச்சிருக்கிற ஆள்.”

“அதிகாரி சார் எதுக்கு டீச்சர் வால்வுக்காரரை மாட்டிவிடணும்? என்ன பகை?”

“பகையே இல்லை. தொட்டி குத்தவாளின்னா வேற தண்ணியை யாரும் சோதிக்கச் சொல்ல மாட்டாங்க. யோசி. ஊரைப் பார்த்துக் காய்ச்ச வேண்டாம்னு எழுதிட்டு, பிளாஸ்க்ல வெந்நீர் குடிக்கிறான் ஒருத்தன். ஏன்?”

எனக்கு முதலில் தொண்டை கரகரப்பு ஞாபகம் வந்தது. அப்புறம் சுவரில் ஒட்டியிருந்த கையெழுத்தின் வால் ஞாபகம் வந்தது. சோதிக்காமலே சர்டிபிகேட் கொடுத்திருக்கிறான். காமாலை கிளம்பியதும் ரகசியமாகச் சோதித்துப் பார்த்து, தலை போகும் என்று பயந்திருக்கிறான்.

“அப்போ நிலையத் தண்ணிதான்...” என்று ஆரம்பித்தேன்.

இன்று காலையில் என் கையால் பிடித்து, என் கையால் மூடி திருகி, நிறையக் குடி என்று சொல்லி... இருபத்திரண்டு நாள்! இருபத்திரண்டு பாட்டில்!

“டீச்சர், நான்தான் ஊத்திக் குடுத்தேன். தினம் தினம் நான்தான்...”

“வண்டியை எடு.”

“வேற எதையும் வாயில வைக்காதேன்னு சொன்னேன் டீச்சர்!”

“எடு வண்டியை!”

*

அவள் போன் எடுக்கவில்லை. ஜெயில் வாசலில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பின்சீட்டிலிருந்து டீச்சர் இன்ஸ்பெக்டரைப் பிடித்தார். காற்றிலும் அவர் கத்தல் எனக்குக் கேட்டது.

“சட்டை யாருதுன்னு தெரிஞ்சுடுச்சு... வால்வுக்காரர் சட்டை இல்லை... கிருமியோட சட்டை! ஆமாய்யா, கிருமிக்குத்தான்... சிரிக்காதீங்க, முதல்ல தெருமுனைக் குழாய் எல்லாத்தையும் மூடுங்க. அந்தத் தொட்டித் தண்ணி பாட்டிலைப் பத்திரம் பண்ணுங்க. அப்புறம் ஆய்வுக்கூட அதிகாரி மேஜைக்கடியில இருக்கிற பிளாஸ்கை எடுத்துக்கிட்டு, அவரையும் கூட்டிட்டு வாங்க!”

நான் எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. கடவுளே, அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஒன்றும் ஆகக் கூடாது, வேண்டுமானால் என்னை எடுத்துக்கொள் என்று சத்தமாகவே புலம்பிக்கொண்டு போனேன். டீச்சர் என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார்.

ஜெயில் வாசல் கொட்டகையில் சிமெண்ட் பெஞ்சின் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பாட்டில். காலி.

“குடிச்சிட்டியா?”

அவள் மிரண்டு எழுந்தாள். நான் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். ஒரு சொட்டுதான் விழுந்தது. “சொல்லும்மா, குடிச்சிட்டியா? எல்லாத்தையுமா குடிச்சே?”

“திட்டாதீங்கண்ணா.”

“திட்டலைம்மா, சொல்லு!”

“நான் குடிக்கலை.” தலை குனிந்துவிட்டது. “ஒரு நாள்கூடக் குடிக்கலை. உங்க மாடிப்படியில ஒரு செடி இருக்குல்ல, அதுக்குத்தான் ஊத்துவேன். இன்னிக்கு நீங்க மேலேயிருந்து பார்த்துக்கிட்டு நின்னீங்க, அதனால இங்க வந்து அந்த மரத்தடியில ஊத்தினேன். நீங்க ஆசையாப் பிடிச்சுக் குடுக்கறீங்க, மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு சொல்ல மனசு வரலை.”

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். டீச்சர்தான் கேட்டார். “பின்ன எதைக் குடிச்சே?”

“எங்க வீட்டுல அந்த நிலையத் தண்ணியை எடுத்ததே இல்லைங்க. தன் தண்ணி இருக்கும்போது அது எதுக்குன்னு அப்பா சொல்லுவாரு. அவரைப் பிடிச்சுட்டுப் போன அன்னிக்குக் காலையில ரெண்டு டிரம் நிரப்பி வச்சிருந்தாரு. அதைத்தான் குடிச்சேன்.”

“விஷம்னு ஊரே சொன்ன தண்ணியையா? வயித்துல பிள்ளையோடவா?”

“வேற சாட்சி யாருங்க இருக்கா எங்கப்பாவுக்கு?” அவள் குரல் உயரவே இல்லை. “எல்லாரும் என் வயித்தையே பார்த்தாங்க. நாலாவது இவதான்னு காத்திருந்தாங்க. அதான் குடிச்சேன். எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா அவர் பண்ணலைன்னு அர்த்தம். ஆச்சுன்னா... அவரே பண்ணியிருந்தா அப்புறம் நான் இருந்து என்ன?”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். “இன்னும் எவ்வளவு இருக்கும்மா டிரம்ல?”

“தீர்ந்துடுச்சு. இன்னிக்குக் காலையில கடைசிச் சொம்பு. நாளையிலேர்ந்து அண்ணன் குடுக்கிறதைக் குடிச்சிடலாம்னு இருந்தேன்.”

நாளையிலிருந்து! எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவள் என் பக்கம் குனிந்தாள். முகம் சுருங்கியது.

“அண்ணா, உங்க கண்ணு ஏன் இப்படி மஞ்சளா இருக்கு?”

டீச்சர் சட்டென்று திரும்பினார். என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் தூக்கி, கட்டை விரலால் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

“நாலு நாளாப் பசிக்கலைன்னியே. நான் ஒரு மடச்சி...”

“விடுங்க டீச்சர். டாக்டரம்மா சொன்னாங்கள்ல, என்னை மாதிரி ஆளுங்க பொழைச்சு எழுந்துடுவாங்கன்னு?”

“சொன்னாங்க.”

“பெரும்பாலும்னு சொன்னாங்களா, எல்லாரும்னு சொன்னாங்களா?”

டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் ஒரு சமயத்துக்கு வார்த்தை வராமல் போகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்குள்ளே இந்த நிமிஷம் எத்தனை ஆயிரம் பேர் என் தோலைக் கிழித்துச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறார்களோ! பயமாக இருந்தது. நிஜமாகவே பயமாக இருந்தது.

உள்ளே மணி அடித்தது. வால்வுக்காரரைப் பார்க்க வந்தவர்கள் வரலாம் என்று காவலர் கூப்பிட்டார். அவள் எழுந்தாள், ஆனால் போகவில்லை. காலி பாட்டிலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“அப்பா வெளிய வந்து வால்வைத் திறந்ததும் முதல் தண்ணி உங்களுக்குத்தான்ணா. நானே ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டு வரேன். நல்லாக் கொதிக்கக் காய்ச்சி எடுத்துட்டு வரேன்.”

“காய்ச்ச வேண்டாம்,” என்றேன். “அப்படியே கொண்டு வா.”